சோலனாய்டை மாற்றினேன், ஹோஸுக்குள் இருந்த பித்தளைத் துண்டை மறந்தேன்

என் காரில் இருப்பது 2.0 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஏறத்தாழ 0.8 பார் பூஸ்டில் (வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் டர்போ கூட்டும் அழுத்தம்) ஓடிய அதை, பெரிய இன்டர்கூலர், தடை குறைந்த எக்ஸாஸ்ட், எஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவுக்குத் திருத்தி எழுதிய மேப் (அது பின்பற்றும் எண் அட்டவணைகள்) ஆகியவற்றோடு 1.2 பாருக்கு ஏற்றி மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். இத்தனையையும் மாற்றிய நான், பூஸ்டைக் கட்டுப்படுத்தும் பாகங்களை மட்டும் பழையபடியே விட்டுவைத்திருந்தேன். எஞ்சின் அறையில் கண்ணுக்கே எளிதில் படாத ஒரு சோலனாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), இரண்டு மூன்று துண்டு மெல்லிய ஹோஸ், டர்போவோடு ஒட்டிய ஒரு ஆக்சுவேட்டர் ஆகியவைதாம் அந்தப் பாகங்கள். அவற்றை மாற்றியபோது நான் செய்த பிழையையும், அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த விதத்தையும், அதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

குறை முதலில் லாகில்தான், அதாவது ஓடும்போது ஈசியூவிலிருந்து எடுக்கும் பதிவில்தான், தெரிந்தது. மூன்றாவது கியரில் முழு த்ராட்டில் கொடுத்தால் பூஸ்ட் 1.2 பாரில் நிற்காமல் 1.05க்கும் 1.3க்கும் இடையே அலைந்தது. 5,500 ஆர்பிஎம்மைத் தாண்டியதும் மெல்ல இறங்கி 0.95 வரை வந்தது. இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது ஒரு சிறு நடுக்கமாக மட்டுமே தெரியும். ஆனால் பூஸ்ட் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் ஈசியூ பெட்ரோல் அளவையும் இக்னிஷன் டைமிங்கையும் பின்னாலேயே துரத்திச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. எஞ்சின் தட்டல், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுமீறி வெடிக்கும் நாக், தலைகாட்டுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட கணங்களில்தான். பழைய சோலனாய்டைக் கழற்றிப் பார்த்தபோது அதன் வாயில் பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. கிளீனர் தெளித்துக் கழுவியதில் அலைச்சல் சில நாட்கள் குறைந்து மீண்டும் திரும்பியது. அப்போதுதான் மூன்று வழிச் சோலனாய்டு வாங்கி மாட்டுவது என்று முடிவெடுத்தேன்.

என் பழையது இரண்டு வழிச் சோலனாய்டு. இந்த இரண்டு வகைச் சோலனாய்டுகளும் வேலை செய்யும் விதம் புரியாவிட்டால், எனக்கு நேர்ந்ததும் புரியாது. எக்ஸாஸ்ட் வாயு டர்போவின் டர்பைனைச் சுழற்ற, அது காற்றை அமுக்கும் கம்ப்ரசரைச் சுழற்றுகிறது. அந்த டர்பைன் வழியே போகாமல் எக்ஸாஸ்ட் வாயு வெளியேறுவதற்கு ஒரு மாற்றுவழி இருக்கிறது. அதன் கதவுதான் வேஸ்ட்கேட். அந்தக் கதவை ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் மூடியே பிடித்திருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றழுத்தம் ஆக்சுவேட்டரின் டயாஃப்ரம் என்ற சவ்வைத் தள்ளும்போது தண்டு நகர்ந்து கதவு திறக்கிறது. கம்ப்ரசர் அழுத்தம் முழுவதும் அப்படியே ஆக்சுவேட்டருக்குப் போனால், ஸ்பிரிங் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு பூஸ்ட்தான் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால், ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தில் ஒரு பகுதியை மறைத்து, "இன்னும் பூஸ்ட் வரவில்லை" என்று அதை நம்பவைக்க வேண்டும். சோலனாய்டின் வேலை அதுதான்.

இரண்டு வழிச் சோலனாய்டு இதைக் கசியவிட்டுச் செய்கிறது. டர்போவிலிருந்து ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸில் ஒரு கிளை பிரிந்து சோலனாய்டுக்குப் போகும். சோலனாய்டு திறக்கும்போதெல்லாம் அந்தக் கிளை வழியே கொஞ்சம் காற்று வெளியேறும். டர்போவிலிருந்து காற்று தாராளமாக வந்துகொண்டே இருந்தால் இந்தக் கசிவு எந்த விளைவையும் ஏற்படுத்தாது. ஆகவே கிளை பிரிவதற்கு முன்பாக, வரும் காற்றை நெருக்க ஒரு சிறு துளையிட்ட துண்டை ஹோஸுக்குள் செருகிவைப்பார்கள். மூன்று வழிச் சோலனாய்டு அப்படியல்லாமல், காற்று போகும் பாதையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் இல்லாதபோது டர்போவின் அழுத்தத்தை நேராக ஆக்சுவேட்டருக்கு அனுப்புகிறது. மின்சாரம் வந்ததும் அந்த வழியை அடைத்துவிட்டு, ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் காற்றை வெளியே விடுகிறது. ஒரு நொடியில் பல முறை இப்படி மாறிமாறி நடக்கும்போது, மின்சாரம் இருக்கும் நேரத்தின் விழுக்காட்டை, அதாவது டியூட்டியை, ஈசியூ கூட்டிக் குறைத்து பூஸ்டை நிர்ணயிக்கிறது. கம்பி அறுந்தாலும் ஃபியூஸ் போனாலும் பூஸ்ட் ஸ்பிரிங் அளவுக்கு இறங்கிவிடும் என்பது இந்த அமைப்பின் பெரிய பாதுகாப்பு.

சோலனாய்டைக் கொண்டு பூஸ்டை ஆளும் இந்த எண்ணம் ஒன்றும் புதிதன்று. 1980களின் தொடக்கத்தில் சாப் (Saab) கார் நிறுவனம் ஏபிசி (APC) என்ற பெயரில் கொண்டுவந்த அமைப்பு, நாக் உணரியின் சைகையைக் கேட்டு, வேஸ்ட்கேட்டுக்குப் போகும் அழுத்தத்தை ஒரு சோலனாய்டால் மாற்றி, வெவ்வேறு ஆக்டேன் பெட்ரோலிலும் எஞ்சினைப் பத்திரமாக ஓடவைத்தது. இன்று நாம் மாட்டுவது அதன் வழிவந்த பாகம்தான் என்பதை நினைக்கும்போது அந்தப் பொறியாளர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டாகிறது.

புதிய சோலனாய்டைப் பொருத்துவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. பழைய சோலனாய்டு இருந்த தாங்கியில் அது உட்காரவில்லை என்பதால், எக்ஸாஸ்ட் வெப்பம் படாத ஓரிடத்தில் சிறு தகடு வளைத்து நிறுத்தினேன். கிளைக் குழாயை எடுத்துவிட்டு, டர்போவிலிருந்து வரும் ஹோஸைச் சோலனாய்டின் உள்வழியிலும், ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸை அடுத்த வழியிலும் மாட்டினேன். பழைய ஹோஸ்கள் விரிசல் இல்லாமல் நன்றாக இருந்ததால் அவற்றையே பயன்படுத்தினேன். இரண்டு நாள் கழித்துத்தான், மேப் எழுதித் தரும் ட்யூனர் என் காரை டைனோவில் (காரை நிறுத்திய இடத்திலேயே ஓட்டி அளக்கும் கருவி) ஏற்றுவதாக இருந்தார். அதற்குள் ஒருமுறை, மற்ற வண்டிகள் வராத மூடிய பாதை ஒன்றில், பழைய மேப்போடு அரை த்ராட்டிலில் ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை என்று எண்ணினேன். அது தவறு.

மூன்றாவது கியர், 3,000 ஆர்பிஎம். பெடலைப் பாதிதான் மிதித்தேன். பூஸ்ட் முள் 1.2ஐக் கடந்தபோது காலை எடுக்க வேண்டும் என்று மனம் சொன்னது. கால் எடுப்பதற்குள் 1.45 வந்து, ஈசியூ பெட்ரோலை வெட்டியது. கார் சுவரில் முட்டியதுபோல் குலுங்கி, தலை முன்னால் போய்த் திரும்பியது. நல்ல வேளையாக அந்த வெட்டு வரம்பை ட்யூனர் மேப்பில் விட்டுவைத்திருந்தார். அது நீக்கப்பட்டிருந்தால், எஞ்சினின் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும் அந்த ஆர்பிஎம்மில், சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் கனெக்டிங் ராடை வளைத்திருக்கவும் பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலான பகுதியை உடைத்திருக்கவும் கூடும். பூஸ்ட் வெட்டு தொல்லை தருகிறது என்று அதை நீக்கிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப்போல் ஆபத்தான காரியம் ட்யூனிங்கில் வேறில்லை என்பதே என் உறுதியான கருத்து.

காரை அங்கேயே நிறுத்தி, சோலனாய்டின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பெடலைத் தொடாத குறையாக வீடு சேர்ந்தேன். ட்யூனரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, லாகை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்.

"பழைய மேப்பில் அந்த இடத்தில் டியூட்டி எவ்வளவு என்று பார்த்தீர்களா?"

"அறுபது விழுக்காடு இருந்தது."

"அந்த அறுபது, கழற்றிவைத்த சோலனாய்டுக்கு எழுதிய அறுபது. இதற்கு அது பொருந்தாது. சரி, ஹோஸ் புதிதா, பழையதா?"

"பழையதுதான்."

"அதைக் கையால் தடவிப் பாருங்கள். எங்கேயாவது கெட்டியாகத் தட்டுப்படும்."

டர்போவிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அழுத்திக்கொண்டே போனேன். ரப்பர் நெளிந்துகொண்டே வந்து, நுனியிலிருந்து இரண்டு விரற்கடை தொலைவில் நெளிய மறுத்தது. அந்த இடத்தில் கத்தியால் கீறியதும் ஒரு பித்தளைத் துண்டு உருண்டு உள்ளங்கையில் விழுந்தது. பட்டாணி அளவுதான் இருக்கும். நடுவில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் துளை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, துளையின் ஓரத்தில் எண்ணெய்ப் படலம் படிந்து அது இன்னும் சுருங்கியிருந்தது தெரிந்தது. இரண்டு வழி அமைப்புக்கு உயிரான இந்தத் துண்டுதான் மூன்று வழி அமைப்பில் எமனாகிவிட்டது. ஆக்சுவேட்டருக்குள் காற்று நுழைவது இந்த ஊசித்துளை வழியாக; வெளியேறுவதோ சோலனாய்டின் அகன்ற வாய் வழியாக. நிரம்புவது மெதுவாகவும் வடிவது வேகமாகவும் இருந்தால், ஆக்சுவேட்டருக்குள் போதிய அழுத்தம் நேரத்தில் சேராது, வேஸ்ட்கேட் திறக்கத் தாமதமாகும், பூஸ்ட் எகிறும். மேப்பில் இருந்த அறுபதும் இந்தத் துண்டும் ஒன்றுசேர்ந்துதான் 1.45ஐக் கொண்டுவந்தன.

இதற்கு நேரெதிரான தவறும் நடப்பதுண்டு. தொழிற்சாலைச் சோலனாய்டோடே இருக்கும் காரில் யாராவது அழகுக்காகப் புது சிலிக்கான் ஹோஸ் போட்டு, பழைய ஹோஸை இந்தத் துண்டோடு குப்பையில் எறிந்துவிடுவார்கள். அப்போது சோலனாய்டு எவ்வளவு கசியவிட்டாலும் ஆக்சுவேட்டருக்கு முழு அழுத்தம் போய், பூஸ்ட் ஸ்பிரிங் அளவைத் தாண்டாமல் நின்றுவிடும். டர்போ கெட்டுப்போயிற்று என்று எண்ணி, நல்ல டர்போவைக் கழற்றும் அளவுக்குப் போகிறவர்களும் உண்டு. எந்தக் காராக இருந்தாலும், பூஸ்ட் ஹோஸைத் தொடுவதற்கு முன் அதை முழு நீளமும் அழுத்திப் பார்ப்பது ஒரு நிமிட வேலைதான்.

டைனோவில் ட்யூனர் செய்த முதல் காரியம், சோலனாய்டை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, டர்போவிலிருந்து ஆக்சுவேட்டருக்குப் புதிய ஹோஸ் ஒன்றை நேராக மாட்டியதுதான். அப்படி ஓட்டியதில் பூஸ்ட் 0.55 பாருக்கு ஏறி அங்கேயே அமைதியாக நின்றது. அது ஸ்பிரிங்கின் எண். பிறகு எனக்குப் புரியவைப்பதற்காகவே, அந்தப் பித்தளைத் துண்டைப் புதிய ஹோஸில் செருகி, சோலனாய்டை மின்சாரம் இல்லாமல் இணைத்து ஓட்டினார். இம்முறை பூஸ்ட் 0.8 வரை எகிறி, அப்புறம்தான் 0.55க்கு இறங்கியது. துண்டை எடுத்துவிட்டதும் எகிறல் மறைந்தது. நேர் ஹோஸில் வரும் கோடும், டியூட்டி சுழியத்தில் சோலனாய்டு வழியே வரும் கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். படியாவிட்டால் ஹோஸ் மாட்டியதில் தவறு, அல்லது பாதையில் அடைப்பு. இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் அந்த மூடிய பாதையில் எனக்கு நேர்ந்தது நேர்ந்திருக்காது.

சோலனாய்டின் வழிகளில் பொறித்திருக்கும் எண்களை மட்டும் நம்பி ஹோஸ் மாட்டுவதை நான் அதன்பின் விட்டுவிட்டேன். எண்ணிடும் முறை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. பொருத்துவதற்கு முன் சோலனாய்டைக் கையில் வைத்துக்கொண்டு, மின்சாரம் இல்லாமல் ஒரு வழியில் சுத்தமான ஹோஸ் துண்டு மாட்டி வாயால் ஊதினால், காற்று எங்கே வெளியே வருகிறது என்று தெரிந்துவிடும். டர்போ வழியில் ஊதியது ஆக்சுவேட்டர் வழியில் வர வேண்டும். 12 வோல்ட் கொடுத்ததும் "டிக்" என்ற ஒலியோடு அந்த வழி அடைபட்டு, ஆக்சுவேட்டர் வழியில் ஊதுவது மூன்றாவது வழியில் வெளியேற வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் எந்த எண் எங்கே இருந்தாலும் கவலையில்லை. டர்போ வழியும் வெளியேற்ற வழியும் மாறிப்போனால், மின்சாரம் இல்லாதபோது ஆக்சுவேட்டருக்கு அழுத்தமே போகாது; ஃபியூஸ் போனால் பூஸ்ட் வரம்பின்றி ஏறும். பாதுகாப்பாக இருக்க வேண்டிய நிலை ஆபத்தான நிலையாகத் தலைகீழாகிவிடும் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

மேப்பில் மாற்ற வேண்டியது டியூட்டி அட்டவணை மட்டுமில்லை என்பதையும் அன்றுதான் அறிந்தேன். சோலனாய்டை ஒரு நொடிக்கு எத்தனை முறை இயக்குவது என்ற அதிர்வெண்ணும் பாகத்தைப் பொறுத்தது. என் பழைய சோலனாய்டுக்கு எழுதிய அதிர்வெண் புதியதற்குக் குறைவாக இருந்ததால் ஆக்சுவேட்டர் தண்டு துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. 30 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தியதும் அடங்கியது. அதிர்வெண்ணை மிகவும் உயர்த்தினாலும் சிக்கல்தான். சோலனாய்டுக்குள் இருக்கும் உலோகத் தண்டு திறந்து மூட அதற்கென்று சிறிது நேரம் வேண்டும். அந்த நேரம் கிடைக்காவிட்டால் குறைந்த டியூட்டியில் அது திறக்கவே திறக்காது, அதிக டியூட்டியில் மூடவே மூடாது. எப்படியும் அட்டவணையின் இரு கோடிகளிலும் உள்ள சில விழுக்காடுகளால் பூஸ்ட் அசையாது. நடுப்பகுதியில்தான் எண்ணுக்கும் பூஸ்டுக்கும் ஒழுங்கான உறவு இருக்கிறது.

அதன்பின் நடந்த ட்யூனிங் பொறுமையான வேலை. ஈசியூ தானாகச் சரிசெய்துகொள்ளும் பிஐடி கட்டுப்பாட்டை முழுவதும் அணைத்துவிட்டு, சுழியத்திலிருந்து ஐந்தைந்து விழுக்காடாக டியூட்டியை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் பூஸ்டைக் குறித்துக்கொண்டே போனோம். ஒவ்வொரு ஓட்டத்திலும் காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் லேம்டா 0.80 அருகே நிற்கிறதா, நாக் காரணமாக டைமிங் பின்வாங்குகிறதா, உள்ளே வரும் காற்றின் வெப்பம் எவ்வளவு என்பவற்றைப் பார்த்த பிறகே அடுத்த படி. எல்லா ஓட்டமும் ஒரே கியரில். உயர்ந்த கியரில் எஞ்சின்மீது சுமை நீண்ட நேரம் இருப்பதால், அதே டியூட்டியில் பூஸ்ட் கூடுதலாக வரும்; கியரை மாற்றி மாற்றி ஓட்டினால் எண்களை ஒப்பிட முடியாது. அடிப்படை அட்டவணையே இலக்கை நெருங்கிவிட்ட பிறகுதான் பிஐடியைச் சிறு அளவுகளில் திறந்தார். தவறான அடிப்படை எண்களை பிஐடி மறைத்துவிடும் என்று அவர் சொன்னதன் முழுப் பொருள் எனக்குச் சில மாதங்கள் கழித்துத்தான் விளங்கியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அலைச்சல் நின்றது. 3,200 ஆர்பிஎம்மிலேயே 1.2 பார் வந்து ஆடாமல் நின்றது. ஆனால் 5,500க்கு மேல் இறங்குவது மட்டும் நிற்கவில்லை. டியூட்டியை 85க்கு மேல் ஏற்றியும் 1.0 பாரைத் தாண்டவில்லை. காரணம் ஸ்பிரிங். ஆர்பிஎம் ஏற ஏற எக்ஸாஸ்ட் பக்கத்து அழுத்தம் கூடி, வேஸ்ட்கேட் கதவையே உள்ளிருந்து தள்ளித் திறக்கிறது. ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றை முழுவதும் நிறுத்திவிட்டாலும், 0.55 பார் ஸ்பிரிங்கால் அந்தக் கதவை மூடிப் பிடிக்க முடியாது. ஸ்பிரிங் அளவைப்போல் இரு மடங்குக்கு மேல் பூஸ்ட் எதிர்பார்க்கக் கூடாது என்று ட்யூனர்கள் சொல்லும் கணக்கு இதை வைத்துத்தான். ஆகவே 0.8 பார் ஸ்பிரிங் கொண்ட ஆக்சுவேட்டர் ஒன்றை வாங்கினேன். இரண்டு பாகங்களையும் ஒரே நாளில் மாற்றாமல் விட்டது தற்செயல்தான் என்றாலும், எந்தப் பாகம் எந்தக் குறையைத் தீர்த்தது என்று தெளிவாகத் தெரிந்தது அதனால்தான்.

வாங்கும்போது அலகுகளைக் கவனிக்க வேண்டும். ஆக்சுவேட்டர்களில் பெரும்பாலும் பிஎஸ்ஐ என்று எழுதியிருக்கும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. ஈசியூ லாகிலோ பூஸ்ட் பல நேரங்களில் வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து முழு அழுத்தமாகக் கிலோபாஸ்கலில் இருக்கும். கடல் மட்டத்தில் 1.2 பார் பூஸ்ட் அங்கே ஏறத்தாழ 220 என்று தெரியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான ஸ்பிரிங் வாங்குவது எளிது.

ஆக்சுவேட்டரைப் பொருத்துவது சோலனாய்டைப்போல் ஒரு மணி நேர வேலையில்லை. டர்போ முழுவதும் ஆறிய பிறகு, வெப்பத் தகட்டைக் கழற்றி, தண்டின் முனையை வேஸ்ட்கேட் கையோடு பிணைத்திருக்கும் சிறு கிளிப்பை நெம்பி எடுத்தேன். நெம்பும்போது அது தெறித்து எஞ்சின் அடியில் எங்கோ விழும் என்பதால், அந்த இடத்தைச் சுற்றி முன்பே ஒரு துணியைச் செருகிவைப்பது நல்லது. தண்டு விடுபட்டதும் வேஸ்ட்கேட் கையை விரலால் ஆட்டிப் பார்த்தேன். முழு வீச்சும் பிசிறின்றி நகர வேண்டும். பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால் அதன் புஷ் தேய்ந்துவிட்டது, எந்த ஆக்சுவேட்டரும் அந்தக் கதவைச் சரியாக மூடாது. என்னுடையது நல்ல நிலையில் இருந்தது.

அடுத்தது ப்ரீலோடு. கதவைக் கையால் முழுக்க மூடிப் பிடித்துக்கொண்டால், தண்டின் முனையில் உள்ள துளை, வேஸ்ட்கேட் கையில் உள்ள முளையை எட்டாமல் 1 முதல் 2 மில்லிமீட்டர் குறைவாக நிற்க வேண்டும். தண்டைச் சிறிது இழுத்துத்தான் முளையில் மாட்ட வேண்டியிருக்கும். அந்த இழுவிசைதான் கதவை இறுக மூடிவைக்கிறது. முனையைத் திருகி நீளத்தைச் சரிசெய்யும்போது தண்டை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்டும் சேர்ந்து திரும்பினால் உள்ளே டயாஃப்ரம் முறுக்கிக் கிழிந்துவிடும். பூஸ்ட் கூட வேண்டும் என்ற ஆசையில் ப்ரீலோடை 4, 5 மில்லிமீட்டர் வரை ஏற்றிவிடுபவர்கள் உண்டு. பூஸ்ட் கூடத்தான் செய்யும். ஆனால் ஸ்பிரிங் அமுங்குவதற்கு மீதியிருக்கும் தூரம் குறைந்து, கதவு முழுதாகத் திறக்க முடியாமல் போய், திறக்க வேண்டிய நேரத்தில் பூஸ்ட் கைமீறும். பூஸ்ட் கூட வேண்டுமானால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

கண்ணளவை நம்பாமல், அழுத்தமானி பொருத்திய கைப்பம்பை ஆக்சுவேட்டரில் இணைத்து மெல்ல அடித்தேன். 0.62 பாரில் தண்டு அசையத் தொடங்கியது. 0.7 பாரில் நிறுத்தி ஐந்து நிமிடம் பார்த்தேன். முள் இறங்கவில்லை, டயாஃப்ரத்தில் கசிவில்லை. இந்த எண்களைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். மறுபடியும் டைனோ, மறுபடியும் சுழியத்திலிருந்து. சுழிய டியூட்டியில் 0.85 பார், 20 விழுக்காட்டில் 0.95, 30இல் 1.08, 38இல் 1.2. அதே 1.2 பாருக்குப் பழைய ஸ்பிரிங்கோடு இதைவிட மிக அதிக டியூட்டி தேவைப்பட்டது. 6,500 ஆர்பிஎம்மில் 1.15 பார் நின்றது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் கம்ப்ரசரின் திறன் அனுமதிக்காது என்று ட்யூனரும் சொல்லிவிட்டார்.

இதே காலத்தில் நண்பர் ஒருவரின் காரில் இதற்கு எதிரான குறை இருந்தது. அவர் மிக அகன்ற டவுன்பைப் (டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட் வாயு வெளியேறும் குழாய்) போட்டிருந்தார். ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் ஏறிக்கொண்டே போனது. என் சோலனாய்டைப் பார்த்து அவரும் ஒன்று வாங்கப் புறப்பட்டபோது, முதலில் நேர் ஹோஸ் சோதனையைச் செய்யச் சொன்னேன். ஸ்பிரிங் அழுத்தத்திலேயே பூஸ்ட் 0.6இல் தொடங்கி 1.1 வரை ஏறியது. கதவு முழுதாகத் திறந்திருந்தும் அந்தத் துளை வழியே போதிய வாயு வெளியேற முடியவில்லை என்பதற்கு அது சான்று. அதற்குச் சோலனாய்டு மருந்தாகாது. வேஸ்ட்கேட் துளையை அகலப்படுத்த வேண்டும், அல்லது தனி வேஸ்ட்கேட் வைக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு கணம் எகிறி இறங்குவதும், ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஊர்ந்து ஏறுவதும் வெவ்வேறு நோய்கள் என்பதை லாகைப் பார்த்தே பிரித்துவிடலாம்.

ஹோஸ்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவை எவ்வளவு குட்டையாக இருக்கின்றனவோ அவ்வளவு விரைவாக ஆக்சுவேட்டர் பதில் சொல்லும். அழுத்தத்தை எடுக்கும் இடம் கம்ப்ரசரின் வெளிவாயிலிலேயே இருப்பது நல்லது. த்ராட்டிலுக்குப் பின்னுள்ள இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து எடுத்தால் பெடலை விடும்போதெல்லாம் வெற்றிடம் டயாஃப்ரத்தைப் பின்னுக்கு இழுக்கும். அந்த ஹோஸில் வேறெதற்கும் கிளை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு முனையிலும் கிளாம்ப் வேண்டும், ஏனென்றால் இந்த ஹோஸ் கழன்றால் ஆக்சுவேட்டருக்கு அழுத்தமே இல்லை. சோலனாய்டின் வெளியேற்ற வழியை, காற்றோட்டம் அளக்கும் உணரிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள இன்டேக் குழாயில் திருப்பிவிட்டேன். உணரி ஏற்கெனவே அளந்துவிட்ட காற்று வீணாகாது, தூசியும் உள்ளே போகாது.

இனி, பின்னர் சொல்வதாகச் சொன்னது. ஏழெட்டு மாதங்கள் எல்லாம் சரியாக ஓடியது. பூஸ்ட் முள் எப்போதும் 1.2இல். ஒரு நாள் வழக்கம்போல் லாக் எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டபோது, பூஸ்ட் கோடு மாறாமல் இருக்க, டியூட்டி 38லிருந்து 49க்குப் போயிருந்தது. பிஐடி கூட்டிக் கொடுத்த பதினொரு விழுக்காடு அது. உள்ளே வரும் காற்றின் வெப்பமும் முன்பைவிடக் கூடியிருந்தது. எங்கோ காற்று கசிகிறது, அதை ஈடுகட்ட டர்போ வேகமாகச் சுழன்று மேலும் காற்றை அமுக்குகிறது, ஈசியூ அதற்காக டியூட்டியை ஏற்றுகிறது. பூஸ்ட் மீட்டரை மட்டும் பார்த்திருந்தால் எதுவுமே தெரிந்திருக்காது. இன்டேக்கை அடைத்துப் புகை செலுத்திச் சோதித்ததில், இன்டர்கூலரின் அடிப்பக்க ஹோஸ் மூட்டிலிருந்து நூல்போல் புகை எழுந்தது. கிளாம்ப் தளர்ந்து, ஹோஸ் விளிம்பைவிட்டு ஒரு பக்கம் நகர்ந்திருந்தது. துடைத்து, சரியாக ஏற்றி, இறுக்கியதும் டியூட்டி 38க்கே திரும்பியது. அன்றிலிருந்து பூஸ்டைவிட டியூட்டித் திருத்தத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

ஒவ்வொரு முறை எஞ்சின் ஆயில் மாற்றும்போதும் கைப்பம்பை ஆக்சுவேட்டரில் இணைத்து, தண்டு எந்த அழுத்தத்தில் அசைகிறது என்று பார்த்து அதே குறிப்பேட்டில் எழுதுகிறேன். பித்தளைத் துண்டைப் பழைய சோலனாய்டோடு ஒரே பையில் போட்டு, இரண்டும் சேர்ந்தே பொருத்தப்பட வேண்டும் என்று மேலே எழுதி வைத்திருக்கிறேன். என்றாவது காரைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்ப நேர்ந்தால், அதைச் செய்பவர் நானாக இல்லாமலும் இருக்கலாம். சென்ற வாரம் அடித்துப் பார்த்தபோது தண்டு 0.62 பாரில் அசைந்தது.